ரஷ்யாவும் ஆச்சியின் லயமும்

வெளியே பனி கொட்டுகிறது. டீ பாக்கெட்டில் 'மூணாறு' என்று பார்த்த மகள், "உங்க ஆச்சி வேலை பார்த்த ஊர்தானேப்பா?" என்றாள். ஆமாம். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கங்காணி கூட்டிக்கொண்டு போன குடும்பம் எங்களுடையது. ஆச்சி அடிக்கடி சொல்வாள்: "ரஷ்யாக்காரனுக்குப் பயந்துதாம்ல தொரைமாரு நமக்கு வீடும் ஆஸ்பத்திரியும் குடுத்தாவ." அப்போது சிரித்திருக்கிறேன். இப்போது படித்தால், அதில் பாதி உண்மை என்று தெரிகிறது.

1917ல் ரஷ்யப் புரட்சி. எட்டு மணி நேர வேலை அங்கே சட்டமானது. இந்தத் தீ தங்கள் ஆலைகளுக்கும் பரவுமோ என்று மேற்கு நாடுகள் கவலைப்பட்டன. 1919ல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு பிறந்ததற்கு அந்தக் கவலையும் ஒரு காரணம். அதன் முதல் ஒப்பந்தமே எட்டு மணி நேர வேலைதான். (நம் இந்தியாவுக்கு வாரம் 60 மணி என்று விலக்கு!) அந்த அமைப்புக்குப் பிரதிநிதி அனுப்ப வேண்டியிருந்ததும் சேர்ந்துதான் 1920ல் பம்பாயில் ஏ.ஐ.டி.யூ.சி. உருவானது. 1951ல் தோட்டத் தொழிலாளர் சட்டம் வந்தது. வீடு, குடிநீர், மருத்துவம், குழந்தைகள் காப்பகம் எல்லாம் முதலாளியின் பொறுப்பு என்றது.

மீதிப் பாதி? போராடாமல் எதுவும் வரவில்லை. 1957ல் கேரளத்தில் கம்யூனிஸ்ட் ஆட்சியே வந்தது. அடுத்த வருடம் மூணாறில் வேலைநிறுத்தம். அந்த அரசின் போலீஸ் சுட்டதில் இரண்டு தொழிலாளர்கள் செத்துப்போனார்கள்.

1991ல் சோவியத் யூனியன் உடைந்தது. இந்தியத் தேயிலையை அதிகம் வாங்கியதும் அவர்கள்தான். பயமும் போச்சு, வியாபாரமும் போச்சு. 2000 வாக்கில் பீர்மேட்டில் தோட்டங்கள் வரிசையாக மூடப்பட்டன.

2015 செப்டம்பரில் மூணாறில் போனஸைக் குறைத்தபோது, கொழுந்து கிள்ளும் பெண்கள் யூனியன் தலைவர்களையே தள்ளி நிறுத்திவிட்டு ரோட்டில் உட்கார்ந்தார்கள். 20 சதவீதம் வாங்கினார்கள். 232 ரூபாய் நாள் கூலியை 500 ஆக்கச் சொன்னார்கள், 301தான் கிடைத்தது. அவர்களுக்குப் பின்னால் எந்த மாஸ்கோவும் இல்லை.

ஆச்சி ஓய்வு பெற்றதும் லயத்தைக் காலி செய்யச் சொன்னார்கள். ஆயுசு முழுக்க உழைத்தவளுக்குத் தலைசாய்க்கச் சொந்தமாக ஒரு கூரை இல்லை. சட்டம் வீடு கொடுத்தது, சொந்தமாகக் கொடுக்கவில்லை.

இதையெல்லாம் கேட்டுவிட்டு மகள், "இப்ப அவங்க யாருக்குப்பா பயப்படுவாங்க?" என்றாள். ரோட்டில் உட்கார்ந்த அந்தப் பெண்களைப் பற்றி இன்னொரு தடவை சொன்னேன்.

உங்கள் வீட்டிலும் ஒரு தோட்டத்துக் கதை இருக்கும். பிள்ளைகளிடம் சொல்லிவையுங்கள்.