பஞ்சாலைகளில் ஈரப்பதக் கட்டுப்பாடு

நூல் அறாமல் ஓடுவதற்காக ஆலைக் காற்றின் ஈரத்தை வேண்டிய அளவில் நிறுத்திவைக்கும் முறை. காற்று உலர்ந்தால் பருத்தி இழை வலுக்குன்றி அறும், நிலைமின்னால் சிலிர்க்கும், பஞ்சுத் தூசு பறக்கும். நூற்பைவிட நெசவுக்கு ஈரம் கூடுதலாக வேண்டும்.

ஈரத்தை அளக்கும் முயற்சி பழையது. தராசின் ஒரு தட்டில் கம்பளியும் மறுதட்டில் கற்களும் வைத்து, கம்பளியின் எடை ஏறி இறங்குவதைக் கொண்டு காற்றை அறியலாம் என 15ஆம் நூற்றாண்டில் அறிஞர் கூசா நிக்கோலஸ் எழுதினார். 1783இல் அறிவியலர் சொசூர் தலைமுடியால் இயங்கும் ஈரமானியை விவரித்தார்.

இங்கிலாந்தின் லங்காஷயரில் ஆலைகள் பெருக அங்குள்ள ஈரக் காற்றே காரணம் என்பர். நிலக்கரியையும் லிவர்பூல் துறைமுகத்தையும் முன்னிறுத்துவோரும் உண்டு. அமெரிக்க உள்நாட்டுப் போரால் (1861–65) பருத்தி வரத்து நின்றபோது, இழை குட்டையான இந்தியப் பருத்தி அங்கே மிகுதியாக வந்தது. அதன் பாவு தறியில் தாங்க, சீனக் களிமண் கலந்து கனமாகக் கஞ்சி போட்டனர். கஞ்சி காய்ந்து விறைத்தால் பாவு அறும். எனவே தறிக் கொட்டகைக்குள் நீராவியைப் பாய்ச்சினர். தறிகாரர் நனைந்த உடையோடு குளிரில் வீடு திரும்பினர். மார்புநோய்க்கு நீராவி காரணமா, களிமண் தூசா என்பதில் கருத்து ஒன்றுபடவில்லை. டாட்மார்டன் ஊரின் கஞ்சி போடும் முறை பற்றி மருத்துவர் புக்கனன் 1872இல் அறிக்கை தந்தார். 1889ஆம் ஆண்டுச் சட்டம் வெப்பநிலைக்கேற்ப ஈரத்துக்கு உச்சவரம்பு விதித்தது. கொட்டகையின் நடுவில் ஒன்றும் ஓரத்தில் ஒன்றுமாக ஈரமானிகள் தொங்கின. அவற்றில் ஈரத் துணி சுற்றிய வெப்பமானியும் உலர் வெப்பமானியும் காட்டும் அளவுகளை நாள்தோறும் ஏட்டில் பதிந்தாக வேண்டும். ஆளுக்கு மணிக்கு 600 கன அடி புதுக்காற்றும் கட்டாயமாயிற்று. நீராவி பற்றிய சர்ச்சை இதனோடு ஓயவில்லை.

அமெரிக்காவில் பொறியாளர் வில்லிஸ் கேரியர் 1902இல் புரூக்ளின் அச்சகம் ஒன்றின் காகிதம் விரிந்து சுருங்குவதைத் தடுக்க வகுத்த அமைப்பைக் குளிர்பதனத்தின் தொடக்கமாகக் கொள்வது வழக்கம். அதே காலத்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் உல்ஃபின் பணியைச் சுட்டி இதை மறுப்பவர் உளர். கேரியரின் முறை 1906இல் வட கரோலினாவின் பெல்மான்ட் பஞ்சாலைக்கு வந்தது.

கோவையில் ஆலைகள் பெருகியதற்குப் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றையும் ஒரு காரணமாகச் சொல்வதுண்டு. சுற்றுவட்டாரப் பருத்தியும் பைக்காரா நீர்மின் நிலைய மின்சாரமும் அதைவிட வலுவான காரணங்கள். இந்தியத் தொழிற்சாலைகள் சட்டத்தின் (1948) 15ஆம் பிரிவு, ஈரமூட்டும் தண்ணீர் குடிநீர் ஆதாரத்திலிருந்து வரவேண்டும், அல்லது தூய்மைப்படுத்தப்பட வேண்டும் என்று விதித்தது. இன்றைய ஆலைகளில் மின் உணரிகள் ஈரத்தை அளந்து நீர்த்தூவலைத் தாமே கூட்டிக் குறைக்கின்றன.