‘ஷி’யும் ஒரு சீன எழுத்தும்

சீனர்கள் ஆங்கிலம் பேசும்போது, பல வருஷப் பயிற்சிக்குப் பிறகும், ஒரே பெண்ணை ஒரு வாக்கியத்தில் ‘ஷி’ என்றும் அடுத்ததில் ‘ஹி’ என்றும் குறிப்பிட்டுவிடுவதுண்டு. பிழை என்று திருத்திவிட்டு நகர்வது ஆசிரியர் வேலை. எனக்கு இதன் பின்னுள்ள சரித்திரம்தான் முக்கியமாகப் படுகிறது.

மாண்டரின் பேச்சில் அவனும் அவளும் ஒரே ஒலி: ‘தா’. இந்த நூற்றாண்டுக்கு முந்தைய நூற்றாண்டின் தொடக்கம் வரை, பேச்சு நடையில் எழுதியவர்களுக்கு எழுத்தும் ஒன்றே. அதன் இடப்பக்கம் நிற்பது ‘மனிதர்’ என்ற குறி. ஆணா பெண்ணா என்ற கேள்வியே அதில் இல்லை. மேற்கத்தியக் கதைகள் மொழிபெயர்ப்பில் வரத் தொடங்கியதும் இது குறையாகத் தோன்றியது. ஆணும் பெண்ணும் மாறி மாறி வரும் ஒரு பக்கத்தை ‘ஹி’, ‘ஷி’ இரண்டுமே தாங்கி நிற்கின்றன. சீனத்தில் இரண்டும் ஒன்றாகிவிடும்.

1918 ஆகஸ்டில் ‘புதிய இளைஞன்’ பத்திரிகையில், ஸ்டிரிண்ட்பெர்க் கதை ஒன்றை மொழிபெயர்த்த ஜோ ஸுவோரன் இந்தச் சிரமத்தைக் குறிப்பிட்டார். நண்பர் லியூ பன்னொங், மனிதக் குறியை எடுத்துவிட்டுப் பெண் குறியை வைத்து ஒரு எழுத்தை யோசித்திருந்தார். அச்சகத்தில் அந்த எழுத்து இல்லை. பழைய எழுத்தின் பக்கத்தில் ‘பெண்’ என்று சிறிதாகப் போட்டு ஜோ சமாளித்தார். லியூ லண்டனிலிருந்து 1920ல் தன் எழுத்துக்காக வாதாடிக் கட்டுரை எழுதினார். அதே வருஷம் ‘அவளை’ நினைத்து ஒரு கவிதையும் எழுதினார். 1926ல் ஜாவ் யுவான்ரென் அதற்கு இசையமைக்க, பாட்டு பிரசித்தமாயிற்று. பாட்டைக் கேட்பவர் காதில் விழுவதென்னவோ பழைய ‘தா’தான். அவள் கண்ணுக்கு மட்டுமே அவள். எழுத்துக்குத் தனி உச்சரிப்புத் தரும் முயற்சிகள் நிலைக்கவில்லை.

1930களில் பெண்கள் பத்திரிகை ஒன்று இந்த எழுத்தை ஏற்க மறுத்தது. ஆணுக்கு மனிதக் குறி, பெண்ணுக்குப் பெண் குறி என்றால் பெண் மனிதரில்லையா என்பது அதன் கேள்வி. இதை வெறும் வீம்பு என்று நான் நினைக்கவில்லை. பழைய எழுத்தை யாரும் தொடவில்லை. ஒரு கோடுகூட மாறவில்லை. ஆனாலும் அதன் அர்த்தம் மாறிவிட்டது. எல்லோருக்கும் பொதுவாக இருந்தது ‘அவன்’ ஆயிற்று. யாரென்று தெரியாத மனிதரைக் குறிக்கவும் அதுவே நீடித்தது. ‘ஷி’யைத் தேடிப் போனவர்கள், மனிதகுலம் முழுமைக்கும் தானே பேசும் ஆங்கில ‘ஹி’யையும் சேர்த்தே கொண்டுவந்தார்கள். இரவல் வாங்கும்போது கேட்ட பொருள் மட்டும் வருவதில்லை.

தமிழில் நாம் இதை வினைமுற்றிலேயே சுமக்கிறோம். பழைய சீனக் கவிதையில் பெரும்பாலும் பிரதிப்பெயரே கிடையாது. தமிழில் பெயர்ப்பவன் ‘வந்தான்’, ‘வந்தாள்’ என்று ஒன்றைத் தீர்மானித்தே ஆகவேண்டும். மூலம் திறந்து வைத்த இடத்தை நம் விகுதி மூடிவிடுகிறது. ‘அவர்’ நமக்கு ஒரு தப்பும் வழி. ஆனால் அது மரியாதையைக் கூடவே இழுத்து வருகிறது.

இன்று சீன இணையத்தில், பால் சொல்ல விரும்பாதவர்கள் ‘தா’வை ரோமன் எழுத்துகளில் எழுதுகிறார்கள். பிரிவினை கேட்ட மொழியின் லிபியே பிரிவினையை மறைக்கப் பயன்படுகிறது. நாக்கு எப்போதும் பிரிக்காததை எழுத்து நூறு வருஷம் பிரித்துப் பார்த்தது. நாக்கு கடைசிவரை இணங்கவில்லை.