எதிரிக் கூண்டில் படையினர்: இலங்கையில் எதிர்வாதத்தின் வரலாறு

படையில் கடமையாற்றும்போது குற்றஞ்சாட்டப்படும் ஒருவருக்கு இலங்கைச் சட்டத்தில் இரண்டு வாசல்கள் உண்டு. ஒன்று படையே நடத்தும் இராணுவ நீதிமன்றம். மற்றது எல்லாக் குடிமக்களுக்கும் பொதுவான நீதவான் நீதிமன்றமும் மேல் நீதிமன்றமும். மன்னார் மாவட்டத்தின் தென்கோடியான முசலிப் பிரிவில் இது வெறும் ஏட்டுச் செய்தி அன்று. 2007 செப்டெம்பரில் இராணுவம் சிலாவத்துறையைக் கைப்பற்றியது. அதே காலத்தில் முள்ளிக்குளம் மக்கள் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டார்கள். பின்னர் வடமேற்குக் கடற்படைக் கட்டளைத் தலைமையகம் அந்த ஊரில்தான் அமைந்தது. இங்குள்ள மாலுமி மேலதிகாரியின் சொல்லை மீறினால் அவரை விசாரிப்பது கடற்படை. ஊரவர் ஒருவரை அடித்தால் முறைப்பாடு பொலிஸுக்கும் வழக்கு மன்னார் நீதிமன்றத்துக்கும் போக வேண்டும். எந்த வாசலால் போகிறார் என்பதைப் பொறுத்தே அவருடைய எதிர்வாதத்தின் பலம் அமைகிறது என்பதை நூறு ஆண்டு வழக்குகள் காட்டுகின்றன.

பிரித்தானியர் காலத்தில் எதிர்வாதம் பெயரளவில்தான் இருந்தது. 1915 கலவரத்தின்போது ஜூன் 2 அன்று இராணுவச் சட்டம் பிரகடனமாயிற்று. கொழும்பு நகரக் காவற்படையில் அதிகாரியாக இருந்த இளைஞர் ஹென்றி பேதிரிஸ் இராணுவ நீதிமன்றத்தில் விசாரிக்கப்பட்டு ஜூலை 7 அன்று வெலிக்கடையில் சுட்டுக் கொல்லப்பட்டார். மேன்முறையீட்டுக்கு அவகாசமே கிடைக்கவில்லை. சட்டசபையில் இந்த நடவடிக்கைகளைக் கடுமையாக எதிர்த்தவர் சேர் பொன்னம்பலம் இராமநாதன். அவர் பேசியவை மறு ஆண்டே இலண்டனில் நூலாக வந்தன. இறந்தவருக்கு அதனால் பயன் இல்லை. ஆனாலும் இராணுவ விசாரணை எவ்வளவு அவசரமானது என்பதை உலகறியச் செய்த எதிர்வாதம் அதுவே. அது நடந்தது நீதிமன்றத்தில் அல்ல, சட்டசபையில்.

இரண்டாம் உலகப் போரில் அதைவிடத் துயரமான வழக்கு ஒன்று நடந்தது. இந்து சமுத்திரத்தின் கொக்கோஸ் தீவுகளில் பீரங்கிகளைக் காத்து நின்ற இலங்கைப் பீரங்கிப் படையினர் சிலர் 1942 மே 8 இரவு தங்கள் பிரித்தானிய அதிகாரிக்கு எதிராகக் கிளர்ந்தார்கள். தலைமை தாங்கியவர் கிரேஷன் பெர்னாண்டோ. கிளர்ச்சி அன்றிரவே அடங்கியது. தீவிலேயே கூடிய கள இராணுவ நீதிமன்றம் ஏழு பேருக்கு மரணதண்டனை விதித்தது. நாட்டிலிருந்து ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் தொலைவில், தாங்கள் எதிர்த்த அதிகாரியே முதன்மைச் சாட்சியாக நிற்க, அந்த இளைஞர்கள் தங்களைக் காத்துக்கொள்ள வேண்டியிருந்தது. நால்வரின் தண்டனை குறைக்கப்பட்டது. பெர்னாண்டோ, கார்லோ கௌடர், பெனி டி சில்வா ஆகிய மூவரும் ஓகஸ்ட் மாதம் வெலிக்கடையில் தூக்கிலிடப்பட்டார்கள். அந்தப் போர் முழுவதிலும் கிளர்ச்சிக் குற்றத்துக்காகக் கொல்லப்பட்ட பொதுநலவாயப் படையினர் இவர்கள் மூவர் மட்டுமே.

சுதந்திரத்தின் பின் 1949இல் இராணுவச் சட்டமும் விமானப்படைச் சட்டமும், 1950இல் கடற்படைச் சட்டமும் வந்தன. மூன்றும் பிரித்தானிய அச்சில் வார்த்தவை. படை அதிகாரிகளே நீதிபதிகளாக அமர்வார்கள். ஜட்ஜ் அட்வகேட் எனப்படும் சட்ட அதிகாரி பக்கத்தில் இருந்து சட்டத்தை விளக்குவார். எதிரி சட்டத்தரணியை வைத்துக்கொள்ளலாம், அமர்வில் உள்ளவர் மீது ஆட்சேபம் தெரிவிக்கலாம். 1978 அரசியலமைப்பின் 13(3)ஆம் உறுப்புரை, குற்றஞ்சாட்டப்பட்ட எவரும் நேரிலோ சட்டத்தரணி மூலமோ நியாயமான விசாரணையில் கேட்கப்படும் உரிமை உடையவர் என்கிறது. அதே அரசியலமைப்பின் 16ஆம் உறுப்புரை, பழைய சட்டங்கள் அடிப்படை உரிமைகளுக்கு முரணாக இருந்தாலும் செல்லும் என்கிறது. 1949, 1950 சட்டங்கள் இந்த இரண்டாவது உறுப்புரையின் நிழலில்தான் வாழ்கின்றன.

படையினருக்காக இந்த நாட்டில் வென்ற மிகப் பெரிய எதிர்வாதம் நடந்தது இராணுவ நீதிமன்றத்தில் அல்ல. 1962 சதிப்புரட்சி முயற்சியில் இராணுவ, பொலிஸ் அதிகாரிகளோடு முன்னாள் கடற்படைத் தளபதி றொய்ஸ் டி மெல்லும் சேர்த்து 24 பேர் மீது குற்றஞ்சாட்டப்பட்டது. அவர்களைத் தண்டிப்பதற்கென்றே பாராளுமன்றம் பின்னோக்கிச் செல்லும் சட்டம் ஒன்றை இயற்றியது. ஜூரி இல்லை, சான்று விதிகள் தளர்த்தப்பட்டன, குறைந்தபட்சத் தண்டனை பத்து ஆண்டு. நீதிபதிகளை அமைச்சரே தெரிவுசெய்யும் ஏற்பாட்டை எதிரி தரப்பு எதிர்த்தது. முதல் ஆயம் அந்த ஏற்பாடு செல்லாது என்றது. இரண்டாவது ஆயத்தில் இருந்த நீதிபதி ஒருவர் முன்னர் சட்டமா அதிபராக அதே வழக்கின் புலனாய்வோடு தொடர்புபட்டிருந்ததால் அதுவும் கலைந்தது. மூன்றாவது ஆயம் 1965 ஏப்ரலில் 11 பேரைக் குற்றவாளிகளாகக் கண்டது. அதே ஆண்டு டிசெம்பரில் அன்று இறுதி மேன்முறையீட்டு மன்றமாக இருந்த இலண்டன் பிரிவி கவுன்சில், குறிப்பிட்ட ஆட்களைத் தண்டிக்கச் சட்டம் செய்வது நீதித்துறையின் அதிகாரத்தைப் பாராளுமன்றம் பறிப்பதாகும் என்று கூறி அனைவரையும் விடுவித்தது. எதிரிகளில் ஒருவரான லியனகேயின் வழக்கு என்ற பெயரில் பொதுநலவாய நாடுகளின் சட்ட மாணவர்கள் இன்றும் இதைப் படிக்கிறார்கள்.

மேலதிகாரி சொன்னதைத்தான் செய்தேன் என்ற வாதம் 1971 ஏப்ரல் கிளர்ச்சியின் பின் சோதனைக்கு வந்தது. கதிர்காமத்தில் கைதாகியிருந்த இளம்பெண் ஒருவரைச் சுட்ட வழக்கில் லெப்டினன்ட் விஜேசூரியவும் இன்னொருவரும் இந்த வாதத்தை முன்வைத்தார்கள். கைதியைக் கொல்லும்படி இட்ட கட்டளை வெளிப்படையாகவே சட்டவிரோதமானது என்று நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. 16 ஆண்டுச் சிறை மேன்முறையீட்டிலும் நிலைத்தது.

கடற்படைச் சட்டத்தின் கீழ் நடந்த வழக்குகளில் பலரும் அறிந்தது 1987இல் நடந்தது. ஜூலை 30 அன்று கொழும்பில் அணிவகுப்பு மரியாதையைப் பார்வையிட்ட ராஜீவ் காந்தியைத் துப்பாக்கியின் பிடியால் தாக்கிய மாலுமி விஜித ரோகண டி சில்வாவுக்கு இராணுவ நீதிமன்றம் ஆறு ஆண்டுச் சிறை விதித்தது. ஜனாதிபதி பிரேமதாச மன்னித்ததால் அவர் பாதிக் காலத்துக்கு முன்பே வெளியே வந்தார்.

சரத் பொன்சேகாவின் வழக்கில்தான் இராணுவ நீதிமன்றத்தின் பலவீனங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் வெளிச்சத்துக்கு வந்தன. ஜனாதிபதித் தேர்தலில் தோற்ற முன்னாள் இராணுவத் தளபதி 2010 பெப்ரவரி 8 அன்று கைதானார். கொழும்புக் கடற்படைத் தலைமையகத்தில் இரண்டு இராணுவ நீதிமன்றங்கள் அவரை விசாரித்தன. தீர்ப்புச் சொல்ல அமர்ந்தவர்கள் ஒரு காலத்தில் அவர் கீழ் பணிபுரிந்தவர்கள். அவர்களில் சிலரின் நடுநிலை குறித்து எதிரி தரப்பு ஆட்சேபித்தது. ஓகஸ்ட் 13 அன்று, சீருடையில் அரசியல் செய்தார் என்ற குற்றத்துக்காகப் பதவிநிலையும் பதக்கங்களும் பறிக்கப்பட்டன. நீதிமன்ற விடுமுறைக் காலமாதலால் அந்த நாளில் அவருடைய சட்டத்தரணிகள் அங்கே இல்லை. செப்டெம்பரில் ஆயுதக் கொள்வனவு வழக்கில் 30 மாதச் சிறை கிடைத்தது. அதை உறுதிசெய்தவர் தேர்தலில் அவரை வென்ற ஜனாதிபதியே. இராணுவ நீதிமன்றமும் அரசியலமைப்பு குறிப்பிடும் நீதிமன்றமே என்று உயர் நீதிமன்றம் 2011 ஜனவரியில் சொன்னதால் இதற்கிடையில் அவர் வென்றிருந்த பாராளுமன்ற ஆசனமும் போயிற்று. 2015இல் ஆட்சி மாறியதும் அடுத்த ஜனாதிபதி முழு மன்னிப்பு அளித்து அவரைப் பீல்ட் மார்ஷலாக்கினார். இராணுவத்தின் நாலு நட்சத்திரத் தளபதிக்கே எதிர்வாதம் இவ்வளவுதான் உதவியது என்றால் சாதாரணச் சிப்பாய்க்கு அது எவ்வளவு உதவும் என்பதை வாசகரே ஊகிக்கலாம்.

முறைப்பாட்டாளர் தமிழ்க் கிராமத்தவராக இருந்த வழக்குகள் வேறு விதமாகப் போயின. அவற்றில் எதிரி தரப்பின் முதல் ஆயுதம் வழக்கை இடம் மாற்றுவது. பாதுகாப்பைக் காரணம் காட்டி வழக்குகள் வடக்குக் கிழக்கிலிருந்து சிங்களப் பகுதிகளுக்குப் போகும், சாட்சிகள் பல மணிநேரம் பயணித்து மொழி தெரியாத மன்றில் நிற்பார்கள். 1992 மயிலந்தனைப் படுகொலை வழக்கு மட்டக்களப்பிலிருந்து பொலன்னறுவைக்கும் கொழும்புக்கும் நகர்ந்து, 2002இல் ஜூரி இராணுவத்தினரை விடுவித்தது. 1996 குமாரபுரம் வழக்கு திருகோணமலையிலிருந்து அநுராதபுரத்துக்குப் போய் 2016இல் அதே விதமாக முடிந்தது. ஜூரி இல்லாமல் மூன்று நீதிபதிகள் அமர்ந்த ட்ரயல் அட் பார் விசாரணைகள் மாறுபட்டன. 1996இல் யாழ்ப்பாணத்தில் பாடசாலை மாணவி ஒருவரும் அவரைத் தேடிச் சென்றவர்களும் கொல்லப்பட்ட வழக்கில் 1998இல் மரணதண்டனை விதிக்கப்பட்டது. மிருசுவிலில் எட்டுப் பேரைக் கொன்ற வழக்கில் ஐவரில் நால்வர் விடுதலையாக, ஸ்டாஃப் சார்ஜன்ட் சுனில் ரத்நாயக்கவுக்கு 2015இல் மரணதண்டனை கிடைத்தது. 2019இல் உயர் நீதிமன்றம் அதை உறுதிப்படுத்தியது. 2020 மார்ச்சில் ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷ அவரை மன்னித்து விடுவித்தார்.

2008, 2009இல் பதினொரு பேர் கடத்திக் காணாமலாக்கப்பட்ட வழக்கில் முன்னாள் கடற்படைத் தளபதி வசந்த கரன்னகொட உட்பட 14 பேர் மீது 2019இல் குற்றப்பத்திரம் தாக்கலாயிற்று. கரன்னகொடவுக்கு எதிராக வழக்கைத் தொடரப் போவதில்லை என்று 2021 ஒக்டோபரில் சட்டமா அதிபர் அறிவித்தார். அவரைக் காத்தது அவருடைய சட்டத்தரணிகளின் வாதம் மட்டும் அல்ல, வழக்குத் தொடுநரே பின்வாங்கியதுதான்.

பெயர் வெளிவராத சிப்பாய்களுக்கு நேரும் குற்றச்சாட்டு பெரும்பாலும் விடுமுறை பெறாமல் கடமைக்குச் சமூகமளிக்காமை. சட்டத்தரணிக்குக் கொடுக்கப் பணமில்லாத இவர்களில் பலர் வாதாடுவதில்லை, 2024 ஏப்ரல் 20 முதல் மே 20 வரை அறிவிக்கப்பட்டது போன்ற பொது மன்னிப்புக் காலம் வரும்வரை காத்திருப்பார்கள்.

பிற நாடுகள் வேறு வழி கண்டன. அமெரிக்கா 1950ஆம் ஆண்டுச் சட்டத்தால் பெரிய இராணுவ விசாரணைகளில் எதிரிக்கு இலவசமாகச் சட்டத்தரணியை வழங்குகிறது. பிரித்தானியாவில் நீதிமன்றத்தைக் கூட்டும் அதிகாரியே அதன் உறுப்பினரையும் நியமிக்கும் முறையை ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 1997இல் ஃபின்ட்லே வழக்கில் கண்டித்தது. இந்தியா 2007ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தை உருவாக்கியது. இராணுவ நீதிமன்றத் தீர்ப்புக்கு எதிராக அங்கே மேன்முறையீடு செய்யலாம், சென்னையிலும் அதன் அமர்வு உண்டு. இலங்கையில் அப்படியொரு தீர்ப்பாயம் இல்லை. தண்டனை பெற்ற படையினர் மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் ரிட் மனுவோ உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுவோ தாக்கல் செய்வதே வழக்கம். முள்ளிக்குளத்தில் நிற்கும் மாலுமிக்கும் 1950ஆம் ஆண்டுக் கடற்படைச் சட்டமே இன்றும் பொருந்துகிறது.