ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சது, மூச்சு ஏன் நின்னுச்சு?

இன்னைக்கு நியோமைசின்ங்கிற ஆன்டிபயாட்டிக்கோட கதை. உங்க வீட்டுல இருக்குற காயத்துக்குப் போடுற ஆயின்ட்மென்ட்லகூட இது இருக்கலாம். பயப்படாதீங்க, சின்னச் சிராய்ப்புல தடவுறதால இந்தக் கதையில வர்ற மாதிரி ஆகிடாது.

1949ல அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்துல செல்மன் வாக்ஸ்மனும் ஹூபர்ட் லெஷவாலியரும் மண்ணுல வாழுற ஒரு நுண்ணுயிர்ல இருந்து இதை எடுத்தாங்க. கிருமியைக் கொல்றதுல கில்லாடி. அதனால சில சர்ஜன்கள் வயித்து ஆபரேஷன் முடிச்சு, தையல் போடுறதுக்கு முன்னாடி, இதைக் கரைச்சு வயித்துக்குள்ளேயே ஊத்தினாங்க.

சிலருக்கு அதுக்கப்புறம் மூச்சு நின்னுடுச்சு. மயக்க மருந்து மேலதானே முதல்ல சந்தேகம் வரும்? 1956ல ப்ரிட்ஜன் என்கிற மருத்துவர், காரணம் நியோமைசினா இருக்கலாம்னு எழுதினார்.

அடுத்த வருஷம் பிரேசில்ல இருந்து ஒரு துப்பு. நியோமைசினோட பங்காளி ஸ்ட்ரெப்டோமைசின், க்யூராரே மாதிரி தசையை முடக்குதுன்னு ஓஸ்வால்டோ விட்டல் பிரேசிலும் கொராடோவும் காட்டினாங்க. க்யூராரே தெரியும்ல? தென்னமெரிக்கக் காட்டு மக்கள் அம்பு நுனியில தடவுற விஷம்.

மூளை "மூச்சு விடு"ன்னு ஆர்டர் போடும். நரம்பு அதைத் தசை வரைக்கும் கொண்டுவரும். ஆனா நரம்பு முனைக்கும் தசைக்கும் நடுவுல ஒரு நூலிழை இடைவெளி. அதைத் தாண்ட அசிட்டைல்கோலின்ங்கிற ரசாயனம் வேணும். அது வெளிய வரணும்னா நரம்பு முனைக்குள்ள கால்சியம் நுழையணும். இந்த மருந்துகள் முக்கியமா அந்தக் கால்சியத்தோட வழியைத்தான் மறிக்குது. அதனாலதான் கால்சியம் ஊசி போட்டா சிலர் மீண்டு வர்றாங்க. இல்லேன்னா மருந்தோட வேகம் குறையுற வரைக்கும் வென்டிலேட்டர்.

சாதாரண ஆளுக்கு இது ரொம்ப அரிது. அனஸ்தீஷியாவுல தசைத்தளர்வு மருந்தும் சேர்ந்தா ஆபத்து கூடும். மயஸ்தீனியா கிராவிஸ் இருக்குறவங்க நிலைமைதான் நிஜமாவே மோசம். அசிட்டைல்கோலினை வாங்குற இடத்தையே அவங்க உடம்பு தாக்கி வெச்சிருக்கும்; கையிருப்பே கம்மி. 2011ல அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு சிப்ரோஃப்ளாக்சசின், லிவோஃப்ளாக்சசின் வகை மாத்திரைகளுக்கும் இவங்களுக்காகக் கட்டம் கட்டி எச்சரிக்கை போடச் சொன்னது. ஆமா, மெடிக்கல்ஸ்ல பேரைச் சொல்லி வாங்குறோமே, அதே மாத்திரைதான்.

சிலருக்கு அந்த நோய் இருக்குறதே, ஆன்டிபயாட்டிக் எடுத்தப்புறம் இமை தொங்கும்போதுதான் தெரியவருது.