திப்பு போன பிறகும் ஓயாத படை: தீரன் சின்னமலையுடன் கோவையைக் குறிவைத்தவர்கள் யார்?

ஒவ்வொரு ஆடி 18-க்கும் தீரன் சின்னமலை சிலைக்கு மாலைகள் குவியும். கட்சிக்காரர்கள் வரிசை கட்டுவார்கள். ஆனா, அவரோடு சேர்ந்து நின்றவர்கள் யார்னு கேட்டா பலருக்கும் தெரியாது. அதில் முக்கியமானவர்கள், திப்பு சுல்தானிடம் வேலை பார்த்த வீரர்கள்.

1799-ல் என்ன நடந்தது?

மே 4-ம் தேதி ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தது. திப்பு கொல்லப்பட்டார். மைசூர் அரியணையில் சிறுவன் மூன்றாம் கிருஷ்ணராஜ உடையாரை உட்காரவைத்த கிழக்கிந்திய கம்பெனி, கோவைப் பகுதியைத் தானே எடுத்துக்கொண்டது. திப்புவின் வீரர்கள் கையில் ஆயுதம் இருந்தது, சம்பளம் கொடுக்கத்தான் ஆள் இல்லை.

எல்லாரும் திப்பு விசுவாசிகளா?

இங்கேதான் விஷயம் சுவாரசியம். மைசூருக்குப் போன வரிப்பணத்தையே மறித்து, "சென்னிமலைக்கும் சிவன்மலைக்கும் நடுவே ஒரு சின்னமலை பறிச்சுக்கிட்டான்னு சொல்லு" என்று அனுப்பியவர் சின்னமலை என்பது கொங்கு நாட்டில் வழிவழியாகச் சொல்லும் கதை. அவரே பின்னாளில் திப்பு பக்கம் நின்றார். திப்புவின் பழைய வீரர்களைத் திரட்டி வடக்கே கலகம் செய்த துந்தியா வாக், திப்புவின் சிறையில் கிடந்தவர்! பழைய ராஜா மேல் இருந்த பாசத்தை விட, புதுசா வந்த கம்பெனி மேல் இருந்த கோபம்தான் இவர்களை இணைத்தது என்று சொல்லலாம்.

கோவையில் நடந்தது என்ன?

சின்னமலை, விருப்பாச்சி கோபால நாயக்கர் உள்ளிட்ட பாளையக்காரர்கள், மைசூர் குதிரைவீரர்கள் எல்லாம் சேர்ந்து திட்டம் போட்டார்கள். குறி, கோவையில் இருந்த கம்பெனி படை. நாள், 1800 ஜூன் 3, மொஹரம். பல திசைகளில் இருந்து வர வேண்டிய படைகள் ஒரே நேரத்தில் வந்து சேரவில்லை. திட்டம் அங்கேயே உடைந்தது. பிடிபட்டவர்களில் 40-க்கும் மேற்பட்டோர் தூக்கிலிடப்பட்டார்கள். இவர்களுக்கு எங்கே சிலை இருக்கு?

அதன் பிறகு?

அதே ஆண்டு செப்டம்பர் 10-ல் துந்தியா வாக் கொல்லப்பட்டார். அவரைத் துரத்திய ஆர்தர் வெல்லெஸ்லிதான் பின்னாளில் வாட்டர்லூவில் நெப்போலியனைத் தோற்கடித்தவர். கோபால நாயக்கருக்கு 1801-ல் தூக்கு. ஓடாநிலையில் கோட்டை கட்டி இன்னும் சில ஆண்டுகள் போராடிய சின்னமலைக்கு 1805-ல் சங்ககிரி கோட்டையில் தூக்கு.

அதோடு முடிஞ்சுதா? இல்லை. 1806 ஜூலை 10-ல் வேலூர் கோட்டையில் கம்பெனியின் சொந்தச் சிப்பாய்களே கிளர்ந்தெழுந்தார்கள். திப்புவின் மகன்கள் காவலில் இருந்தது அங்கேதான். கோட்டையில் ஏறியது, மைசூர் புலிக்கொடி.