தமிழ்நாட்டுப் பள்ளிகளில் கணினி அறிவியல் கல்வி

தமிழ்நாட்டுப் பள்ளிகளில் கணினி அறிவியல் என்பது மேல்நிலை வகுப்பில் தொடங்கிக் கீழ்நோக்கி இறங்கி வந்த பாடமாகும். தமிழும் கணக்கும் ஒன்றாம் வகுப்பிலிருந்து படிப்படியாக ஏறிச் செல்கின்றன. கணினி அறிவியலோ முதலில் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புகளில் தனிப்பாடமாக நிலைபெற்றது. பின்னரே சிறு அலகுகளாகக் கீழ்வகுப்புகளுக்கு வந்தது. தென்காசி மாவட்டத்தின் ஆய்க்குடி போன்ற பேரூராட்சியில் தமிழ்வழியில் படிக்கும் மாணவர், பத்தாம் வகுப்பு முடியும்வரை கணினி ஆசிரியர் ஒருவரிடம் பாடம் கேட்காமலேயே இருக்க நேர்வது இதன் விளைவே.

தொடக்கம்

இந்தியப் பள்ளிகளுக்குக் கணினி வந்தது 1984-இல் மத்திய அரசு தொடங்கிய 'கிளாஸ்' திட்டத்தின் வழியாகும். முதலில் ஏறத்தாழ 250 பள்ளிகளுக்குப் பிரிட்டனின் 'பிபிசி மைக்ரோ' கணினிகள் வழங்கப்பட்டன. நாளடைவில் அத்திட்டம் 2,500-க்கும் மேற்பட்ட பள்ளிகளை எட்டியது. அக்கணினியின் நினைவகம் வெறும் 32 கிலோபைட். இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரு படத்துக்குக் கூட அது போதாது. ஆயினும் மின்விசையைப் போட்டவுடன் 'பேசிக்' மொழியில் நிரல் எழுதலாம். குழந்தை தானே நிரல் எழுதிப் பார்க்கும் வாய்ப்பு அந்தப் பழைய பெட்டியில் இருந்தது. ஆனால் கற்பிப்பதற்குத் தனி ஆசிரியர் இல்லை. அறிவியல், கணித ஆசிரியர்களே குறுகிய காலப் பயிற்சி பெற்று அதைக் கையாண்டனர்.

தமிழ்நாட்டு அரசு மேல்நிலைப் பள்ளிகளில் கணினி அறிவியல் பரவலானது 1999-2000 கல்வியாண்டு முதலாகும். எல்காட் நிறுவனத்தின் மூலம் ஒப்பந்தம் பெற்ற தனியார் நிறுவனங்கள் கணினிகளையும் பயிற்றுநர்களையும் அளித்தன. இயந்திரத்தைப் போலவே ஆசிரியரும் ஒப்பந்தப் பொருளானார் என்பதை இங்கே குறிப்பிடாமல் இருக்க இயலாது. அவர்களை முறைப்படுத்த 2008-இல் சிறப்புத் தேர்வு நடத்தப்பட்டது. தேர்ச்சி மதிப்பெண் 35 விழுக்காடா, 50 விழுக்காடா என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. முடிவில் 652 பயிற்றுநர்கள் வேலை இழந்தனர். பல ஆண்டுகள் ஆய்வகத்தைத் திறந்து, தூசி தட்டி, பிள்ளைகளைத் தேர்வுக்கு அனுப்பியவர்கள் அவர்கள்.

2011 செப்டம்பரில் மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. பின்னர் 6,029 உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளுக்கு உயர் தொழில்நுட்ப ஆய்வகங்கள் திட்டமிடப்பட்டன. கருவிகளைப் பொறுத்தவரை அரசு கை சுருக்கவில்லை.

பாடநூல்

முந்தைய பன்னிரண்டாம் வகுப்பு நூல்கள் ஸ்டார் ஆபீஸையும் சி++ மொழியையும் கற்பித்தன. 2018 முதல் வந்த புதிய பாடத்திட்டத்தில் சி++ பதினொன்றாம் வகுப்புக்கு வந்தது. பன்னிரண்டாம் வகுப்பில் பைத்தான் இடம்பெற்றது. பதினொன்றாம் வகுப்பு நூலில் தமிழ்க் கணினிக்கென ஒரு பாடமே உண்டு. பழைய நூல்களின் 'கணிப்பொறி' என்ற சொல் மறைந்து 'கணினி' நிலைத்ததும் கவனிக்கத்தக்கது.

கீழ்வகுப்புகளில் நிலைமை வேறு. ஆறாம் வகுப்பு அறிவியல் நூலில் கணினி ஓர் அலகு. பத்தாம் வகுப்பு அறிவியல் நூலின் கடைசிப் பாடமான 'காட்சித் தொடர்பு' ஸ்கிராட்ச் மென்பொருளை அறிமுகம் செய்கிறது. குழந்தைகளுக்காக அமெரிக்காவின் எம்ஐடியில் உருவாகி 2007-இல் வெளிவந்த ஸ்கிராட்ச், இங்கே பொதுத்தேர்வு நெருங்கும் வேளையில், நூலின் கடைசிப் பக்கங்களில் மாணவரைச் சந்திக்கிறது. செய்து பார்க்க வேண்டியது மனப்பாட வினாவாகிவிடுகிறது.

யார் கற்பிப்பது?

2019-இல் அரசு 814 கணினிப் பயிற்றுநர் பணியிடங்களுக்குக் கணினிவழித் தேர்வு நடத்தியது. முதுநிலைப் பட்டமும் பி.எட்.டும் தகுதி; பணி மேல்நிலை வகுப்புகளுக்கு. ஆறு முதல் பத்து வரை கற்பிக்கும் பட்டதாரி ஆசிரியர் பாடங்களில் கணினி அறிவியல் இல்லை. ஆசிரியர் தகுதித் தேர்விலும் அதற்கு இடமில்லை. எனவே கணினி அறிவியலில் பி.எட். முடித்தவர்கள் காத்திருக்க, அறிவியல் ஆசிரியர் அந்த அலகை நடத்துகிறார்.

செங்கோட்டையைத் தாண்டினால் வேறொரு வழியைக் காணலாம். கேரளம் 2001-இல் 'ஐடி அட் ஸ்கூல்' திட்டத்தைத் தொடங்கியது. 2017-இல் அது 'கைட்' நிறுவனமாயிற்று. அங்கும் பெரும்பாலும் பிற பாட ஆசிரியர்களே கற்பிக்கின்றனர். ஆனால் தனிப் பாடநூல், தேர்வு, ஒவ்வொரு பள்ளியிலும் பொறுப்பாசிரியர் என்ற ஏற்பாடு உண்டு. தொடக்க வகுப்புகளுக்குக் 'களிப்பெட்டி' என்ற நூலும் உண்டு. தனி ஆசிரியரே தீர்வு என்று கூற இயலாது. பாடவேளையும் பொறுப்பும் யாருக்கும் உரியதாக இல்லாத நிலையே குறை.

மழலையர் வகுப்புக்குக் கணினியே தேவையில்லை என்பாரும் உண்டு. நியூசிலாந்தின் டிம் பெல் முதலியோர் உருவாக்கிய முறை, அட்டைகளையும் விளையாட்டையும் கொண்டே கணினி அறிவியலைக் கற்பிக்கிறது. நம் பல்லாங்குழியும் அதற்குப் பொருந்தும். குழிக்கு ஒன்றாகப் போடு. கை காலியானால் அடுத்த குழியை அள்ளு. அடுத்த குழி வெறுமையானால் அதற்கடுத்ததை எடு. மடக்கும் நிபந்தனையும் ஐந்து வயதுக் குழந்தைக்கு இவ்வளவு எளிதில் வேறெதிலும் விளங்காது.

ஆய்க்குடி வட்டாரம்

ஆய்க்குடியில் 1981-இல் எஸ். இராமகிருஷ்ணன் நிறுவிய அமர் சேவா சங்கம் மாற்றுத்திறனாளிகளுக்கான கல்வியும் மறுவாழ்வும் அளிக்கிறது. அதன் தொழிற்பயிற்சிகளில் கணினியும் ஒன்று. நிறுவனர் கழுத்துக்குக் கீழ் இயக்கம் இழந்தவர். பென்சில் பிடிக்க இயலாத குழந்தைக்குக் கணினி, விருப்பப் பாடம் அன்று; எழுதுவதற்கான வழியே அதுதான். அக்குழந்தைக்குப் பதினொன்றாம் வகுப்பு வரை காத்திருக்க நேரமில்லை.

தென்காசியை அடுத்த மத்தளம்பாறையில் 2011 முதல் சோகோ மென்பொருள் நிறுவனத்தின் அலுவலகம் இயங்குகிறது. அந்நிறுவனம் 2005-இல் சென்னையில் தொடங்கிய பயிற்சிப் பள்ளி, கல்லூரிப் பட்டம் கேட்பதில்லை. பள்ளிப் படிப்பை முடித்தவர்களைச் சேர்த்து, உதவித்தொகை தந்து, நிரலாக்கம் கற்பிக்கிறது. அப்பள்ளி இப்போது தென்காசி வட்டாரத்திலும் நடைபெறுகிறது.