அக்ரூட் தோப்புக்கு வந்த குளவி

அவரைக் கொடியின் இளந்தளிரில் அடையடையாய் மொய்த்துச் சாறு உறிஞ்சும் அசுவினியை நேயர்கள் பலரும் கண்டிருப்பீர்கள். அக்குடும்பத்தைச் சேர்ந்த பிறிதொரு பூச்சியின் வரலாற்றையே இன்று கூற விழைகின்றேன். அது நிகழ்ந்த இடம் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம்.

அங்கே பயிராகும் அக்ரூட், பழைய உலகத்திலிருந்து குடியேறிய மரம். மரத்தின் பின்னே அதன் அசுவினியும் கடல் கடந்தது. அசுவினியின் பகைவனோ பின்தங்கிவிட்டது. இலையெல்லாம் பிசுபிசுத்தது, அப்பிசினின்மேல் கரும்பூஞ்சணம் படர்ந்தது, பருப்புச் சிறுத்தது. விவசாயிகள் மருந்துமேல் மருந்தாய்த் தெளித்தனர். காலப்போக்கில் அசுவினி அம்மருந்துகளுக்குப் பழகிக்கொண்டது.

பகைவனைத் தாயகத்திலேயே தேடுவோம் எனப் புறப்பட்டவர்களுள் முதன்மையானவர், கலிபோர்னியப் பல்கலைக்கழகப் பூச்சியியல் அறிஞர் ராபர்ட் வான் டென் பாஷ். அப்பகைவன் டிரையாக்சிஸ் பாலிடஸ் என்னும் சிறு குளவி, எறும்பினும் சிறியது. அதன் செயல் வியப்புக்குரியது, சற்றுக் கொடியதுங்கூட. பெண் குளவி தன் வயிற்றை முன்புறமாய் வளைத்து, அசுவினியின் உடலுக்குள் ஒரு முட்டையைச் செலுத்துகின்றது. முட்டையினின்று வரும் புழு, அசுவினியை உள்ளிருந்தே தின்று வளர்கின்றது. முடிவில் எஞ்சுவது ஊதிப் பருத்து உலர்ந்த தோல்கூடு. எகிப்தியர் பாடம் செய்து வைத்த உடலை நினைந்து, அதனை ‘மம்மி’ என்றே அறிஞர் அழைப்பர். அம்மம்மியில் வட்டமாய் ஒரு துளையிட்டுப் புதிய குளவி வெளிப்படும்.

1959ஆம் ஆண்டில் தென் பிரான்சிலிருந்து இக்குளவி கொண்டுவரப்பட்டது. தென் கலிபோர்னியக் கடலோரத் தோப்புகளில் அது செழித்தது. ஆனால் அக்ரூட் மிகுதியாய் விளைவது உள்நாட்டுப் பெரும் பள்ளத்தாக்கிலன்றோ? அங்குள்ள கோடையின் வெப்பத்தையும் வறட்சியையும் அது தாங்கவில்லை. விட்டுப் பார்த்தனர், நிலைக்கவில்லை.

வேறொருவராயின் குளவி பயனற்றது என்று கைவிட்டிருப்பார். வான் டென் பாஷோ, குளவி சரியே, அது பிறந்த ஊர்தான் பொருந்தவில்லை என்று கருதினார். பள்ளத்தாக்கைப் போலவே கோடை கடுமையாய்க் காயும் ஈரானின் நடுப் பீடபூமியில், 1968ஆம் ஆண்டில் அதே இனக் குளவி திரட்டப்பட்டது. உருவில் இரண்டிற்கும் வேற்றுமை காண்பதரிது. வாழ்வில் வேற்றுமை பெரிது. ஈரானியக் குளவி பள்ளத்தாக்கில் வேரூன்றியது. சில ஆண்டுகளிலேயே தோப்புதோறும் பரவி, அசுவினியை அடக்கிற்று. ஓரினம் என்று நூல்கள் கூறும் பெயருக்குள் எத்தனை வகைகள் மறைந்திருக்கின்றன என்பதை இதைவிடத் தெளிவாய்க் காட்டும் நிகழ்ச்சியை நான் அறியேன்.

எனினும் கதை இங்கே முடியவில்லை. அக்ரூட் காயைத் துளைக்கும் அந்துப்பூச்சியின் புழுவைக் கொல்ல அசின்பாஸ்மெத்தைல் என்னும் நஞ்சு தெளிக்கப்பட்டது. அந்நஞ்சு குளவியையும் கொன்றது. காவலன் மடிந்த தோப்பில் அசுவினி மீண்டும் தலையெடுத்தது. 1980களில் அதே பல்கலைக்கழகத்தின் மார்ஜரி ஹோய் என்னும் அம்மையார் ஒரு புது முயற்சியில் இறங்கினார். ஆய்வுக்கூடத்தில் குளவிகளை அந்நஞ்சுக்கு உள்ளாக்கி, பிழைத்தவற்றையே மேலும் மேலும் பெருக்கி, நஞ்சைத் தாங்கும் குளவி வகையொன்றை உருவாக்கினார். அவ்வகை தோப்புகளிலும் விடப்பட்டது. அசின்பாஸ்மெத்தைலோ 2013ஆம் ஆண்டிற்குள் அமெரிக்க வேளாண்மையிலிருந்தே விலக்கப்பட்டுவிட்டது.